எட்டு போர்ட் போதும், மேனேஜ்டு வேண்டாம்

நீ கேட்டது ஒரே வரி. "ப்பா, புது வீட்டுக்கு நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கணும். எட்டு போர்ட் போதுமா, பதினாறு வேணுமா?" வியாழக்கிழமை காலை வந்தது. இன்றைக்கு சனிக்கிழமை. இந்த மாதிரிக் கேள்விக்கு நான் இரண்டு நிமிஷத்தில் பதில் போடுகிறவன் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை எழுதுவதும் அழிப்பதுமாக மூன்று நாள் போய்விட்டது. அதனால்தான் வாட்ஸாப்பை மூடிவிட்டு இப்படி நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ கடைசி வரை படிக்க வேண்டும். யார் பேச்சையும் கடைசி வரை கேட்காதவன் இதைக் கேட்பது அநியாயம்தான். இருந்தும் கேட்கிறேன்.

முதலில் கேள்விக்குப் பதில். திருவான்மியூர் வீட்டு ஃபோட்டோக்களை நீ அனுப்பியபோதே எத்தனை கேபிள் குத்த வேண்டும் என்று எண்ணிவிட்டேன். உன் மேஜைக்கு ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு ஜெனி மேஜைக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, வைஃபை எட்டாத பின் அறைக்கு ஓர் ஆக்சஸ் பாயிண்ட், வாசல் கேமரா. ஐந்து. ரூட்டரிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் கேபிளே ஒரு போர்ட்டைத் தின்றுவிடும். முக்கால்வாசிப் பேர் அதை மறந்துவிட்டு ஐந்து போர்ட் வாங்கி வந்து முழிப்பார்கள். ஆக ஆறு. எட்டு வாங்கு, இரண்டு காலியாகக் கிடக்கட்டும். ஜிகாபிட் போதும். ரிச்சி தெருக் கடைகளில் இரண்டரை ஜிகாபிட் என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். உன் இணைப்பே அவ்வளவு வேகம் கிடையாது. ஜெனி வீடியோ எடிட் செய்கிறவள் என்றாலும், வீட்டுக்குள் தனியாக ஸ்டோரேஜ் பெட்டி வைக்காதவரை அது வீண். உலோகப் பெட்டியாகப் பார், ஃபேன் இல்லாததாகப் பார். கடல் பக்கம் என்பதால் ஜன்னலோரம் வைக்காதே, உப்புக் காற்று போர்ட்டுக்குள் போய் உட்காரும். ரூட்டரையும் ஸ்விட்சையும் ஒரே சின்ன யுபிஎஸ்ஸில் போடு; கரண்ட் போனால் ஒன்று செத்து ஒன்று உயிரோடிருப்பதில் பிரயோஜனம் இல்லை. கேமராவுக்குத் தனியாக கரண்ட் வயர் இழுக்க முடியாது என்றால் மட்டும், நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டை அனுப்பும் வகையை வாங்கு.

ஒரே ஒரு கண்டிப்பு. அன்மேனேஜ்டு வாங்கு. குத்தினால் வேலை செய்யும், அத்தோடு சரி. மேனேஜ்டு என்றால் உள்ளே நுழைந்து எந்த போர்ட் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும், யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று எல்லாம் பார்க்கலாம், மாற்றலாம். விலை வித்தியாசம் பெரிதில்லை, கடைக்காரரும் அதைத்தான் வாங்கச் சொல்வார், உனக்கும் ஆசையாக இருக்கும். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அது தேவையில்லை என்று டெக்னிக்கலாகச் சொல்லி இத்தோடு முடித்திருக்கலாம். வியாழக்கிழமை அப்படித்தான் அடித்தேன். அனுப்ப முடியவில்லை. காரணம் அது இல்லை.

நம் மயிலாப்பூர் வீட்டில் டிவி அலமாரி மேல் இருக்கிறதே, இருபத்து நாலு போர்ட், ஆபீஸில் கழித்துப்போட்டதை நான் தூக்கி வந்தது, அது மேனேஜ்டு. நீ ப்ளஸ் டூ படித்த வருஷம் அதைக் கொண்டு வந்தேன். ஆன்லைன் வகுப்பு வருஷம். உன் அம்மா கோயம்புத்தூர் காலேஜ் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலைக்குப் போனாள் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொன்னேன், உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். வீட்டில் நீயும் நானும். நான் தி.நகர் ஆபீஸில் சர்வர் அறையில் இருப்பேன். நீ வீட்டில் தனியாக, உன் அறையில், லேப்டாப்போடு. உன் போனை நான் வாங்கி வைத்திருந்தேன். வைஃபையை உனக்குத் தடுத்திருந்தேன். உன் அறைக்கு ஒரே கேபிள், அது ஒன்பதாவது போர்ட். வகுப்பு மத்தியானமே முடிந்துவிடும்; மாலை நாலு மணிக்கு அந்த போர்ட் தானாக மூடும், ஆறு மணிக்குத் திறக்கும். அதற்கு நாலைந்து கட்டளை கொண்ட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். நீ ஒரு தடவை கேட்டாய், "நாலு மணிக்கு நெட் ஏன்ப்பா போகுது?" "அப்பதான் படிப்ப" என்றேன். உட்கார்ந்து பேசி உன்னைப் படிக்க வைத்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு ஸ்கிரிப்ட் எழுத இருபது நிமிஷம் போதும்.

ஜனவரியில் உன் கெமிஸ்ட்ரி மாதிரித் தேர்வு மார்க் வந்தது. ஸ்விட்ச் தானே எழுதிவைக்கும் பதிவை, அந்த லாகைப் பார்த்தேன். இரண்டிலிருந்து நாலு வரை உன் போர்ட்டில் நெட் நிறைய ஓடியிருந்தது; நீ ஏதோ கேம் ஆடுகிறாய் என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பும்போது ஸ்கிரிப்டில் நாலை இரண்டாக மாற்றினேன். நீ சாப்பாட்டு மேஜையில் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தாய். சொல்லவில்லை. சொன்னால் வாதாடுவாய், எனக்கு பஸ் போய்விடும்.

அன்றைக்கு மத்தியானம் நீ அம்மாவோடு வீடியோ காலில் இருந்தாய். உனக்கு அந்த நாள் என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். நீ எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மா உன்னிடம், ப்ளஸ் டூ முடிந்ததும் கோயம்புத்தூர் வந்துவிடு, என் காலேஜிலேயே உனக்கு இடம் வாங்கலாம், என்னோடு இருக்கலாம் என்றாள். நீ கேட்டாய், "அதெல்லாம் இருக்கட்டும்மா. நீ ஏன் போன?" யாரும் அவளிடம் அதுவரை கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியே திரை நின்றது. பிறகு 'கால் முடிந்தது' என்று வந்தது. நீ லேப்டாப்பை அடித்து மூடிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பீச் பக்கம் போய்விட்டாய். ஆறரை மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது வாசல் படியில் உட்கார்ந்திருந்தாய். சட்டை முழுக்க மணல்.

"அம்மா கட் பண்ணிட்டாங்க" என்றாய். "ஏன் போனன்னு கேட்டேன். கட் பண்ணிட்டாங்க."

அம்மா கட் பண்ணவில்லை. மணி இரண்டு ஆகியிருந்தது. ஒன்பதாவது போர்ட் மூடியது.

நீ படியில் உட்கார்ந்து சொல்வதற்கு முன்பே எனக்கு அது தெரியும். அதுதான் இந்தக் கடிதத்திலேயே மோசமான வரி. அம்மா சாயந்தரம் ஐந்தரை மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் பாண்டி பஜாரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "பையன் கட் பண்ணிட்டான்ங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், போகவே இல்ல" என்றாள். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். "ரெண்டு இருக்கும்" என்றாள். அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்வதுதான்: அது நெட், நான் மூடினது, ஆறு மணிக்கு மறுபடி கூப்பிடு. நான் சொன்னது வேறு. "அவனுக்குப் பரீட்சை நேரம் ஸ்டெல்லா. கோபத்துல இருக்கான். கொஞ்ச நாள் விடு, அவனா கூப்பிடுவான்." வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னது: "அவங்களுக்கு அங்க ஆயிரம் வேலை. நீ உள்ள போய்ப் படி." நீ உள்ளே போனதும் இரண்டை மறுபடி நாலாக மாற்றினேன். அன்றைய லாகை அழித்தேன். நீ எப்போதாவது சந்தேகப்பட்டு நேரத்தைச் சோதித்துப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று. வேலையில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். நேராகச் சொல்கிறேன். நீ கோயம்புத்தூர் போய்விடுவாய் என்ற பயம். ஒருத்தி போய்விட்டாள், இவனும் போனால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்ற பயம். இருபத்திரண்டு வயதில் அப்பா ஆனவன் நான். நண்பர்கள் எல்லாம் பைக்கில் மகாபலிபுரம் போய்க்கொண்டிருந்தபோது நான் உனக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று இருந்தது நீ மட்டும்தான் என்று நினைத்தேன். ஒரு வாரம் போகட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பிறகு பரீட்சை முடியட்டும் என்று; அந்த வருஷம் பரீட்சையே நடக்கவில்லை. பிறகு நீ இங்கேயே அடையாறு பக்கம் காலேஜ் சேர்ந்தாய், இனிமேல் சொல்லி என்ன என்று ஆகிவிட்டது. சொல்லாமல் இருக்க ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டியதில்லை. முதல் நாள் எடுத்தால் போதும், மற்ற நாட்கள் தானாக ஓடும்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று நீ குளிக்கப் போனபோது உன் போன் மேஜைமேல் ஒளிர்ந்தது. அம்மா அனுப்பியிருந்தாள்: "ஹேப்பி கிறிஸ்துமஸ் கண்ணா." நீ வந்து துண்டைத் தோளில் போட்டபடியே "சேம் டு யூ" என்று அடித்தாய். உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்: அதற்கு மேலே ஈஸ்டர், அதற்கு மேல் உன் பிறந்தநாள், அதற்கு மேல் போன கிறிஸ்துமஸ். ஒரு திரையில் ஒரு வருஷம் முழுக்க அடங்கியிருந்தது. நான் கேக் வெட்டக் கத்தி எடுக்கப் போனேன்.

நீ வேலை கிடைத்துப் போய் ஒரு வருஷம் ஆகிறது. நான் யாரைப் பிடித்து வைக்க இதைச் செய்தேனோ அவனும் போய்விட்டான், அது நியாயமான வயதில் நடந்த நியாயமான விஷயம், அதில் உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது நானும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். நாள் முழுக்க மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருக்கிறேன், ஆறு மணிக்கு ஹெட்ஃபோனைக் கழற்றினால் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அந்த இருபத்து நாலு போர்ட்டில் இரண்டு விளக்குதான் எரிகிறது. ஒன்று ரூட்டர், இன்னொன்று நான். ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாய், உன் போன் பழக்கத்தில் தானாக வைஃபையில் ஒட்டிக்கொள்கிறது. போன தடவை பதினொன்று பன்னிரண்டுக்கு ஒட்டியது, பதினொன்று முப்பத்தாறுக்கு விட்டது. நீ போனபிறகு அதைப் பார்த்தேன். வேவு பார்க்க இல்லை. நீ வந்தாய் என்பதற்கு வீட்டில் வேறு அடையாளம் எதுவும் இல்லை; டீ குடித்த டம்ளரைக்கூட நீயே கழுவி வைத்துவிட்டுப் போகிறாய்.

போன ஞாயிறு நம் கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை, மூன்று ஞாயிறில் முதல் தடவையாக, வாசித்தார்கள். நீ ஜெனியோடு அவள் பங்குக் கோயிலுக்குப் பூசைக்குப் போய்விட்டாய், அதனால் கேட்டிருக்க மாட்டாய். நான் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தேன். சாமியார் உன் பெயரை வாசித்தார், பிறகு இன்னாரும் ஸ்டெல்லாவும் பெற்ற மகன் என்று எங்கள் பெயர்களை. எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அப்புறம் வழக்கமான வரி: இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். நான் செய்தது உன் கல்யாணத்துக்குத் தடை இல்லை, சட்டப்படி அந்த வரி என்னைக் குறிக்காது. ஆனாலும் பூசை முழுக்க 'அறிந்தவர்கள்' என்ற வார்த்தையே காதில் நின்றது.

வெளியே வந்தால் செபஸ்டின், பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பானே, என் ஸ்கூல் கூட்டாளி. "இன்னா மச்சி, மாமனாராவப் போற, மூஞ்சிய இப்டி வச்சிக்கினு கீற?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். "ஸ்டெல்லா என்னிக்கி வருது?" "வராது போல." "பெத்தவ வராம இன்னாடா கல்யாணம்? இன்னா சொல்லிக் கூப்ட்டீங்க?" பையன் பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பினான் என்றேன். "டேய், செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர மந்திரிக்கறதுக்கே நான் பத்து பேருக்கு போன் போட்டேன்" என்றான். நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவைக் கூப்பிட விருப்பமில்லாமல் நீ விட்டுவிடவில்லை. கூப்பிட்டால் மறுபடி கட் பண்ணிவிடுவாளோ என்று பயந்து மெசேஜோடு நிறுத்திக்கொண்டாய். பெற்ற பையன் ஒரு போன்கூடப் போடவில்லையே, தான் வருவது அவனுக்குப் பிடிக்கவில்லை போல என்று அவள் 'வாழ்த்துக்கள் கண்ணா' என்று மட்டும் பதில் அனுப்பினாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

நாலு நாள் கழித்து உன் மெசேஜ் வந்தது. எந்த ஸ்விட்ச் வாங்கலாம்.

நேற்று மாலை அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் "என்னங்க, அவனுக்கு ஏதாவது?" என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கிரிப்ட், இரண்டு மணி, பஸ் ஸ்டாப், அழித்த லாக், எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, அவள் பேசட்டும் என்று காத்திருந்தேன். உனக்கு நினைவிருக்கும், இங்கே வேலை பார்த்த காலேஜில் நடந்ததை அவள் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியிலேயே "சரி, விஷயத்துக்கு வா" என்பேன். ஒரு நாள் அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "விஷயம்னு ஒண்ணும் இல்லைங்க. பேசிட்டிருந்தேன், அவ்ளோதான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கதை சொன்னதில்லை. கோயம்புத்தூர் வேலைக்கு மனுப் போட்டதையும் சொல்லவில்லை. நேற்று நான் "என்ன ஸ்டெல்லா?" என்றுகூடக் கேட்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அவள் கேட்டாள். "அப்போ அவன் கேக்கவே இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. "எதை?" என்றேன்.

"அவன் ஏன் போனன்னு கேட்டான் இல்ல. அவன் மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியல. தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்ங்க, அஞ்சு நிமிஷம் இருக்கும். சத்தமே இல்லாமக் கேட்டுக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். நிமிர்ந்து பார்த்தா கால் முடிஞ்சிருந்தது. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் கட் பண்ணிட்டான்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருக்கேன்."

இதை எப்படி எழுதுவது என்றுதான் நேற்றிலிருந்து தெரியவில்லை. அவள் பதில் சொல்லாமல் கட் பண்ணினாள் என்று நீ நினைத்திருக்கிறாய். அவளோ உன்னிடம் சொல்லிவிட்டதாகவும், கேட்டபிறகு நீ அவளை வேண்டாமென்று முடிவு செய்துவிட்டதாகவும் நினைத்திருக்கிறாள். அவள் சொன்னதை இந்த உலகத்தில் யாருமே கேட்கவில்லை. நானும் நேற்று கேட்கவில்லை. என்ன சொன்னாய் என்று நாக்கு வரை வந்தது. அதில் என் பெயர் இருக்கும் என்று தெரியும். ஆனால் அவள் அதை எனக்குச் சொன்னதில்லை, உனக்குச் சொன்னாள்.

"மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லணுமா?" என்று கேட்டாள். "அவன் கேட்டா சொல்லு" என்றேன். "கேப்பானா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

இதைப் படித்தபிறகு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். கல்யாணத்தன்று எனக்கு எந்த வரிசையில் இடம் கொடுப்பது என்பதும் உன் இஷ்டம். நீ சொல்கிற இடத்தில் உட்காருவேன், ஏன் என்று கேட்கிற யாருக்கும் காரணத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். சமாதானம் கேட்டு இதை எழுதவில்லை. நாளைக்கு இரண்டாவது ஓலை. அம்மா காலைப் பூசை முடிந்து பத்தரை மணிக்கு வீட்டில் இருப்பாள். நீ கூப்பிட்டு அன்றைக்குக் கேட்ட கேள்வியை மறுபடி கேள். அவள் நடுவில் நிறுத்துவாள், அழுவாள், சம்பந்தம் இல்லாத எதையோ சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள். விஷயத்துக்கு வரச் சொல்லாதே. என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாலும், அப்பா அப்படி இல்லம்மா என்று குறுக்கே பேசாதே. அவள் சொல்லி முடித்துவிட்டாள் என்று உனக்குத் தோன்றும்போதும் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. இன்னும் இருக்கும்.

அப்பா